படத்தில் இல்லாத பொத்தான்

மகன்,

இந்த எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக, கொப்பியின் கோட்டை மதிக்காமல் மேலும் கீழும் போகிறது என்று உனக்கு முதலில் தோன்றும். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது போன் எடுத்தால் முகமும் வந்து நிற்கிறது. உன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் சந்திக் கடையில் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று வாங்கி, கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டு, கொப்பியை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அம்மா இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்வதில் அவளை மிஞ்ச இந்தக் கண்டக்குழிக் கரையில் ஆள் இல்லை. அதை நான் மிகவும் பிந்தித்தான் கண்டுபிடித்தேன்.

போன கிழமை நீ அனுப்பிய செய்தியை அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். நத்தார்ப் பண்டிகைக்கு நீயும் எலோடியும் வருகிறீர்கள் என்றதும் வீடே துள்ளியது. அதோடு நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். ஒரு நாள் விடிய நீங்கள் இரண்டு பேரும் சவரியின் வள்ளத்தில் ஏறி வலை வளைக்கப் போகவேண்டுமாம், நான் மேட்டில் நின்று துவாய் காட்டவேண்டுமாம், எலோடி அதைப் படம் பிடிக்கவேண்டுமாம். அப்பா காட்டினால் பயமில்லை, அவருக்கு இன்னும் பருந்துக் கண் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். அந்த வரியை வாசித்து முடித்ததும் அம்மா போனை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மகன், நான் காட்டுவதை நம்பி நீயும் உன் மனைவியும் வள்ளத்தில் ஏறக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

இதை நீ எலோடிக்கு வாசித்துச் சொல்வாய், அதனால் உனக்குத் தெரிந்ததையும் அவளுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். கரைவலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக இறக்குவோம். பிறகு அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் நாற்பது பேர் கரையில் நின்று இழுப்போம். வள்ளத்தில் போகிறவர்களுக்கு மீன் கூட்டம் அநேகமாகத் தெரியாது. கிட்டப் போனால் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். தூரத்தில், உயரத்தில் நிற்கிறவனுக்குத்தான் அது தெரியும், அதுவும் ஒரு நிறமாக. சூடை மீன் என்றால் அந்த இடம் கொஞ்சம் கறுத்து, ஓரம் செம்மண் கரைத்தது போல இருக்கும். நெத்தலி என்றால் தூறல் விழுகிற மாதிரி மேலே பொரிந்துகொண்டிருக்கும். அந்த நிறத்தைப் பார்த்து மணல் மேட்டில் நிற்கிறவன் துவாயை வடக்கே வீசினால் வள்ளம் வடக்கே போகும், தெற்கே வீசினால் தெற்கே போகும், தலைக்கு மேலே சுற்றினால் வலையை இறக்கும். எஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடாது, துவாய்தான் பேச்சு. வடக்கே தண்ணீருக்கு ஒரு முழம் கீழே கல்லுப்பார் இருக்கிறது. வள்ளம் அதில் போய் ஏறாமல் பார்ப்பதும் துவாய்க்காரனின் பொறுப்பு. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தத் துவாய் என் கையில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு பூசையில், பாட்டு இலக்கம் எழுதிப் போடுகிற பலகை எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் தொடங்கியதும் நானும் சேர்ந்து பாடினேன், பாட்டெல்லாம் பாடம்தானே. பீடத்து மெழுகுதிரிகளைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி நின்றது. அழகாகத்தான் இருந்தது என்று வையேன். பிறகு கடலும் அப்படி ஆனது. விடியும்போது வானமும் தண்ணீரும் ஒரே துணியாகிவிடும், வெயில் ஏறினால் மினுக்கம் மட்டும் மிஞ்சும். நான் யாருக்கும் சொல்லவில்லை. வைத்தியரிடம் போனால் மத்தியானத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். உனக்குச் சொன்னால், வலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இங்கே வந்து இருங்கள் என்பாய். இதெல்லாம் காரணம்தான். ஆனால் உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. துவாய் இல்லாவிட்டால் கயிறு இழுக்கிற நாற்பது பேரில் நானும் ஒருவன், அதை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. நான் எவ்வளவு பெருமை பிடித்த ஆள் என்று உனக்குத் தெரியாததா?

அந்த நாட்களில்தான் உன் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. முன்பெல்லாம் தேநீர்ப் போத்தலை யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறவள், தானே மேட்டுக்கு ஏறி வரத் தொடங்கினாள். வந்தவள் உடனே திரும்பமாட்டாள். சீலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். "இஞ்ச, அந்தா சாய்ஞ்ச தென்னைக்கு நேரா கறுத்துக் கிடக்கே, அது என்னது?" என்று கேட்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்குவேன். அவள் சொன்ன இடத்தில் உண்மையிலேயே ஏதோ கறுத்திருப்பது போல இருக்கும். வேறென்ன, சூடைதான் என்று சொல்லித் துவாயைச் சுற்றுவேன். வலையில் மீன் வரும். இத்தனை காலம் இந்தக் கரையில் குடியிருந்தும் மீன் எது பாசி எது என்று தெரியாத மனிசி என்று சவரியிடம் பகிடி பண்ணியிருக்கிறேன். சவரி சிரிக்கமாட்டான். அது ஏன் என்றும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இந்த வருடம் கச்சான் காற்று வீசி, வலையை மடித்து வாடிக் குடிசைக்குள் வைத்திருந்த மாதங்களில், உன் கலியாணத்துக்கு வந்தோம். அந்த மூன்று கிழமையும் எனக்கு ஒரு நல்ல நித்திரை போலத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. உங்கள் ஊரின் வெளிச்சம் வேறு. இங்கே வெயில் நேரே உச்சியில் விழும். அங்கே அது பக்கவாட்டில் வந்து, சுவரையும் மரத்தையும் தடவிக்கொண்டு, போக மனமில்லாமல் நின்றது. தெருவில் போனவர்கள் எனக்கு நிறங்களாகத்தான் போனார்கள்: ஒரு சிவப்பு, ஒரு நீலம், நாயோடு போகிற ஒரு மண்நிறம். எலோடியின் தாய் வந்து கட்டிப் பிடித்த பிறகுதான் அவ யாரென்று எனக்குத் தெரியும். எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிற கிழவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் மழை பெய்தது. வெளியே திரிய முடியாது, வாருங்கள் படம் பார்க்கப் போவோம் என்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போனீர்கள். முதல் மண்டபத்தில் பழைய காலத்துப் படங்கள் இருந்தன. இருட்டான படங்கள், ஆனாலும் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு மேசை, மேசையில் தட்டு, தட்டில் மீன். கிட்டப் போய்ப் பார்த்தேன், செதிளைக்கூட எண்ணி எண்ணிக் கீறியிருந்தான். நல்ல கைகாரன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த மண்டபத்துக்குள் கால் வைத்தேன். வெள்ளைச் சுவர், கூரையில் கண்ணாடி, மண்டபம் முழுக்க மழைநாள் வெளிச்சம். அந்தச் சுவரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை மகன். நீலமும் வெள்ளையும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடந்தன. ஒரு பொருளுக்கும் ஓரம் இல்லை, ஒரு முகத்துக்கும் மூக்கு இல்லை. ஒரு வாசலைத் தாண்டுவதற்குள் கண் முழுதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். விழுந்துவிடாமல் இருக்க வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். மழையில் நனைந்த கால் வழுக்குகிறது என்று நீ நினைத்திருப்பாய்.

பக்கத்தில் வந்து நின்று, பிடித்திருக்கிறதா என்று கேட்டாய். எனக்கு முன்னால் பச்சைக்குள் வெள்ளையாக ஏதோ நின்றது. உயரத்தைப் பார்த்தால் பெண் போல இருந்தது. "நல்லாத்தான் கீறியிருக்கிறான்," என்றேன். "அந்த அம்மாட சட்டைப் பொத்தான்கூட ஒண்டொண்டாத் தெரியுது."

நீ குனிந்து பார்த்தாய். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாய். "பொத்தானா? எங்கயப்பா?"

"உனக்கு எங்க தெரியப்போகுது," என்றேன்.

அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் உன் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ விலகிப் போனாய்; உன் சப்பாத்துச் சத்தம் மெதுவாகத் தூரப் போவது கேட்டது. உனக்கு எது ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் வந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், எழுதாமல் இந்தக் கொப்பியை மூடமாட்டேன்.

அப்போது உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பத்தடி, பதினைந்தடி, வந்த வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். "இஞ்ச பாருங்க, அந்தா குடை பிடிச்சுக்கொண்டு ஒரு பொம்பிள புல்லுக்குள்ள நிக்கிறா. அவக்குப் பின்னால வெள்ளையா மிதக்குதே, அது என்னது?"

அதே குரல். மேட்டில் நின்று கேட்கிற அதே 'அது என்னது'. மகன், அந்த இடத்தில், மழை பெய்கிற ஒரு அன்னிய ஊரில், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு வருடமாக அவள் எனக்குத் தேநீர் கொண்டுவரவில்லை. கண் கொண்டுவந்திருக்கிறாள். மீன் எது என்று தெரியாதவள் போலக் கேட்டுக் கேட்டு, பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துத் தந்திருக்கிறாள். முதலில் எனக்கு வந்தது கோபம், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் காட்டிய பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் கூடி வந்தது. குடை வந்தது, குடைக்குக் கீழே காற்றில் சாய்ந்த பெண் வந்தாள், அவளுக்குப் பின்னால் ஆறும், ஆற்றில் இரண்டு பாய்மரமும் வந்தன. பாய்மரம் என்று மெல்லச் சொன்னேன். ஓம் போலத்தான் கிடக்கு என்றாள் உன் அம்மா, ஒன்றும் அறியாதவள் போல.

எலோடி என் மறுபக்கத்தில் வந்து நின்றாள். நான் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்ப்பதைக் கண்டிருக்கவேண்டும். உன்னிடம் படித்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "மாமா, எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியும்," என்றாள். "அவர் வேணுமெண்டுதான் இப்பிடிக் கீறினார்."

எல்லாருக்கும். நான் திரும்பி மண்டபத்தைப் பார்த்தேன். நல்ல கண் உள்ள சனம், மழையில் வரிசையில் நின்று உள்ளே வந்து, நான் ஒவ்வொரு விடியலிலும் பயந்து பயந்து பார்க்கிற அதே உலகத்துக்கு முன்னால் வாய் பேசாமல் நின்றார்கள். ஒரு மனிசன் அதை மூடி மறைக்காமல், இதுதான் எனக்குத் தெரிகிறது என்று துணியில் பூசிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட விட்டிருக்கிறான். மண்டபத்தின் நடுவில் இருந்த வாங்கில் போய் உட்கார்ந்தேன். எதிரே ஒரு துறைமுகப் படம் இருந்தது. பனிமூட்டத்துக்குள் கப்பல்கள், கப்பல் என்று சொல்ல முடியாத அளவுக்கு மங்கல், தண்ணீரில் ஒரு செம்மஞ்சள் கோடு. எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. தண்ணீர் அசைந்தது. நான் கண்ணைச் சுருக்கவில்லை, எதையும் தேடவில்லை, எனக்கு வந்ததை வந்தபடியே பார்த்தேன். இரண்டு வருடத்தில் முதல்தரம் எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது.

பிறகு எழுந்து அந்தப் படத்துக்குக் கிட்டப் போனேன், எழுதும்போது இந்தக் கொப்பிக்குப் போகிற அளவு கிட்ட. அந்தத் தூரத்தில் என் கண் இன்னும் வேலை செய்கிறது. அங்கே கப்பலும் இல்லை, கடலும் இல்லை. பெயின்ற் கட்டி கட்டியாக, வள்ளத்துக்குப் பூசின மாதிரித் தடித்துக் கிடந்தது. அந்தச் செம்மஞ்சள் கோட்டில் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. அவசரத்தில் பூசினால் எங்களுக்கும் அப்படி ஒட்டும், பிறகு நகத்தால் கிளறி எடுப்போம். அவன் எடுக்கவில்லை. வெளிச்சம் மாறுவதற்குள் பூசி முடிக்க ஓடியிருப்பான். காவல் நின்ற பெண் வந்து பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். பின்னால் வர வர மயிர் மறைந்து, கட்டிகள் மறைந்து, கடல் மறுபடியும் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நீ திரும்பி வந்து படம் எடுத்தாய். அப்பாவுக்கு ஓவியம் பார்க்கவும் தெரியும் என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினாய். கண்டக்குழிக் கரை முழுக்க அந்தப் படம் சுற்றியது. உன் பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை, அதனால் வாயைத் திறக்காமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

இனி அந்த மற்றக் கதை. உனக்குப் பதினேழு வயது. மேட்டில் என் பக்கத்தில் நின்றாய். தெற்கே கையை நீட்டி, மீன் என்றாய். நான் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடச் சரியாகப் பார்க்காமல் பாசி என்றேன். நீ விடவில்லை, இல்லையப்பா மீன் என்று மறுபடியும் சொன்னாய். கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுறுக்கென்றது. உனக்குக் கண் இல்லை, போய்க் கயிற்றைப் பிடி என்று அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வலைக்காரர் தெற்கே வளைத்தார்கள். வலையின் மடி கிழிகிற அளவுக்குக் கும்பளா மீன். நீ கயிற்றடியில் நின்று என்னைப் பார்த்தாய். அது வேறு கூட்டம், பிறகு வந்தது என்று சொன்னேன்.

அது வேறு கூட்டம் இல்லை மகன். நீ காட்டிய மீன்தான். அவர்கள் வலையை இறக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது, வேண்டுமென்றே துவாயை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நீ மேட்டுக்கு ஏறவே இல்லை. இரண்டு வருடத்தில் கடல் கடந்து போய்விட்டாய். எனக்குக் கடல் பார்க்கத் தெரியாது, அப்பாவே சொன்னவர் என்று உன் கலியாணத்திலும் பகிடியாகச் சொன்னாய், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பொய்யை நீ இத்தனை வருடம் உன் குறை என்று சுமந்துகொண்டு திரிகிறாய், நான் அதற்குச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த ஓவியக்கூடத்தில் பொத்தான் என்று ஒரு பொய் சொன்னேன் பார், அது திடீரென்று வந்ததல்ல, வெகுகாலப் பழக்கம். எனக்குத் தெரியாததைத் தெரியும் என்பேன், அடுத்தவனுக்குத் தெரிந்ததைத் தெரியாது என்பேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒக்டோபரில் பங்குச் சுவாமி வந்து வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளித்தார், வலை தொடங்கியது. அம்மா வழக்கம்போலப் போத்தலோடு ஏறி வந்தாள், வழக்கம்போலக் கேட்டாள். அவள் செய்வது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் இருவரும் அந்த நாடகத்தை விடவில்லை. மூன்றாம் கிழமை அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். நான் தனியே மேட்டில் நின்றேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு வடக்கே, எனக்கே தெரிகிற அளவுக்குப் பெரிதாக, ஒரு கறுப்பு வந்தது. இவ்வளவு நாளும் தெரியாதது இன்று தெரிகிறதே என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. துவாயை வடக்கே வீசினேன். வள்ளம் அசையவில்லை. இன்னும் வீசினேன், விடாமல் வடக்கே வடக்கே வீசினேன். கரையோரம் காத்திருந்த சவரி எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கி, மணலில் நடந்து மேட்டுக்கு ஏறி வந்தான்.

"அண்ணன், கோவிக்கப்படாது," என்றான். "அண்ணி வராத நாளில வலை இறக்கிறதில்ல எண்டு நாங்க எப்பவோ கதைச்சு வச்சிட்டம்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் கறுப்பு கல்லுப்பாரைத் தாண்டி, அலையைத் தாண்டி, கரைக்கு ஏறி, மணலில் ஓடி வந்து எங்கள் இரண்டு பேர் மேலும் குளிராக விழுந்து, பின்னால் தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. முகிலின் நிழல். துவாய் பிடிக்கிறவனுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. அவர்கள் என் துவாயை நம்பியிருந்தால் அத்தனை பேரும் பாரில் ஏறியிருப்பார்கள். சவரி நிழல் போன பக்கம் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்கு அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

துவாயை மணலில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருடமாக ஊரே சேர்ந்து என்னைப் பொம்மையாக நிற்பாட்டி வைத்திருக்கிறது, அதில் முதல் ஆள் நீதான் என்று காய்ச்சலில் கிடந்தவளிடம் கத்தினேன். அவள் போர்வையை விலக்கவும் இல்லை. "நான் ஒண்டும் பாக்கல்ல. தேத்தண்ணிதான் கொண்டுவந்தன்," என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய நானே தேநீர் ஊற்றிக் கொண்டுபோய்க் கட்டிலில் இருந்து, எனக்குக் கண் தெரிவதில்லை என்று சொன்னேன். அந்த மூன்று சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்போதுதான் அவளும் எவ்வளவு பயந்திருந்தாள் என்று தெரிந்தது. அதற்கடுத்த நாள் புத்தளத்துக்குப் போய்க் காட்டினோம். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, அதை எடுத்துவிடலாம், தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்றக் கண்ணில் நரம்பு கெட்டிருக்கிறது, அதில் போனது போனதுதான். வெள்ளை எடுத்த பிறகு மிஞ்சுகிற பார்வை வீடு வாசலுக்கு, உங்கள் முகத்துக்குக் காணும், கடலுக்குக் காணாது. கவலைப்படாதே, நான் அதைக் கேட்டு உடைந்துபோகவில்லை. உங்கள் ஊர் வாங்கில் உட்கார்ந்திருந்தபோதே பாதிப் பயம் போய்விட்டது.

துவாயை அம்மாவிடம் கொடுத்தேன். பெண்ணொருத்தி மேட்டில் நின்று காட்டி இந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. இரண்டொரு பேர் முணுமுணுத்தார்கள். இவ்வளவு நாளும் அவள்தான் காட்டினாள், இனி நேரே காட்டட்டும் என்று நானே சொன்னேன், நாற்பது பேருக்கும் கேட்கத்தான் சொன்னேன். அவள் கோழி கலைக்கிற மாதிரிச் சின்னதாகத்தான் வீசுகிறாள், ஆனால் ஒரு தரம் வீசினால் அது சரி. நான் கயிற்றில் நிற்கிறேன். முதல் நாள் கை கொப்புளித்தது, முன்னால் நின்றவன் பார்க்காத மாதிரிப் பார்த்தான், வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது அதுவும் பழகிவிட்டது. அங்கே நின்று பார்த்தால் மேட்டில் ஒரு மங்கலான நீலச் சீலையும் அதன் மேல் ஒரு வெள்ளையும் தெரியும், சுற்றிவர வானம். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க ஆசை வரும், கயிற்றை விட முடியாது.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. ஒன்று மட்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எலோடியிடம் அன்றைக்கே சொல்லிவிடு. அவள் உனக்காகத் தெரியாதவள் போல நடிக்கும்படி விட்டுவிடாதே. நல்ல மனசுள்ள பெண்கள் அதை வருடக்கணக்காகச் செய்வார்கள், நாம் அதில் சுகமாக இருந்துவிடுவோம்.

நத்தாருக்கு வாருங்கள். வள்ளத்தில் ஏறுங்கள், பயமில்லை, சவரி அம்மாவின் கையைப் பார்த்துத்தான் போவான். ஆனால் நீ வலை மடிப்பக்கம் குனிந்துகொண்டு இருக்காதே. எழுந்து நின்று கடலைப் பார். உனக்கு மட்டும் ஏதாவது நிறம் மாறித் தெரிந்தால், அம்மா எந்தப் பக்கம் வீசினாலும் சரி, வாய்விட்டுக் கத்து. எஞ்சின் சத்தத்தில் கரைக்குக் கேட்காது என்றால் கையை நீட்டிக் காட்டு. உன் கை எனக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவன் சொன்னதும், என் மகன் மீனைக் கண்டுவிட்டான் என்று இந்தக் கரை முழுக்கக் கேட்க நான் கத்துவேன்.

அப்பா